நட்டில் வைத்த பொட்டு

தடால்!

இரும்பும் ஆளும் சேர்ந்து விழுந்த சத்தம். எண்ணெய்க் குவளையோடு வாசலில் வந்துகொண்டிருந்த கண்ணையன் கொட்டகைக்குள் ஓடினான்.

சாமிக்கண்ணு வலப்பக்கச் சுவரோரம் கிடந்தான். நெற்றியில் ரத்தம். சைக்கிள் அவன் கால்மேல் கிடந்தது. தரையில் இருந்த மூன்று மர உருளைகளில் பின்னிரண்டும் இன்னும் விர்ரென்று சுழன்றன. முன் உருளை மட்டும் அசையவில்லை.

"போன சனிக்கிழமை முழங்கை. இன்னிக்கு மண்டை. அடுத்த சனிக்கிழமைக்கு இன்னாடா மிச்சம் வெச்சிருக்கே?"

"சிரிக்காதேண்ணே. எவனோ செய்றான். பந்தயத்துல எனக்குப் போட்டியா நிக்கிற அந்த நெட்டப்பாக்கத்துப் பய வேலைதான் இது."

அது 1939, ஐப்பசி அடைமழை. கிருமாம்பாக்கத்திலிருந்து பாகூர் போகும் பாதையில் சேறு முழங்கால் வரை. அதனால்தான் இந்த உருளைகள். புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் கழித்துப் போட்டதைக் கண்ணையன் தன் சைக்கிள் கடைக்குக் கொண்டுவந்து, பேரிங் மாற்றி, சாமிக்கண்ணு வீட்டுக் கொட்டகையில் பொருத்தியிருந்தான். சைக்கிளின் பின்சக்கரம் இரண்டு உருளைகள்மேல், முன்சக்கரம் ஒன்றின்மேல். மிதித்தால் பெல்ட் வழியாக முன் உருளையும் சுற்றும். வண்டி இருந்த இடத்திலேயே ஓடும். பிடிமானம் எதுவும் கிடையாது. ஓட்டம்தான் ஆளை நிமிர்த்தி வைக்கும்.

நவம்பர் பதினொன்றில் புதுச்சேரியில் பந்தயம். முதலில் வருபவனைப் பட்டாளத்தில் சைக்கிள் தூதனாகச் சேர்த்துக் கப்பலேற்றுவார்கள். பிரான்சில் சண்டை தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சாமிக்கண்ணுவின் கனவில் காக்கி உடுப்பும் பித்தளைப் பொத்தானும்தான் வந்தன.

அவன் மனைவி அமுதம் ஈரத்துணியோடு வந்து நெற்றியை அழுத்தினாள். அவளுடைய அப்பன் போன சண்டைக்குப் போனவன். திரும்பி வந்தது ஒரு காகிதம்தான்.

"வெள்ளிக்கிழமை தவறாம மெஷினுக்குச் சந்தனம் தடவிச் சூடம் காட்றா. இன்னா புண்ணியம்?" என்றான் சாமிக்கண்ணு. "புல்லறுக்கப் போனாக்கூட அருவாளுக்குப் பொட்டு வெச்சுட்டுத்தான் தொடுவாண்ணே இவ."

"ஆயுதத்தைச் சும்மா தொடக்கூடாது" என்றாள் அமுதம், தலை நிமிராமல்.

கண்ணையன் குந்தி உட்கார்ந்து வேலையைத் தொடங்கினான். ஒவ்வோர் உருளையாகக் கையால் சுழற்றி, காது கொடுத்துக் கேட்டான். பேரிங்கில் கரகரப்பு இல்லை. பெல்ட் அறுபடவில்லை, கழன்றுதான் விழுந்திருந்தது. முன் உருளையின்மேல் விரலை ஓட்டினான். காய்ந்த சந்தனம், திட்டுத்திட்டாக.

"இந்தா புடிச்சிட்டேன்! தங்கச்சி, சக்கரம் ஓடுற எடத்துல அப்புனா தூக்கித்தான் அடிக்கும். இனிமே உருளைய வுட்டுட்டு இரும்புச் சட்டத்துல வையி."

"சரிண்ணே."

மண்ணெண்ணெயால் துடைத்து, பெல்ட்டை மாட்டி, உருளையின் இரு முனை நட்டுகளையும் இறுக்கினான். வலப்பக்க நட்டு கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது. ஓட்டத்தில் இளகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஸ்பானரை மாடத்தில் வைத்துவிட்டுப் போனான்.

அந்த வாரம் முழுவதும் உருளைகள் வண்டுபோல் ரீங்கரித்தன. சாமிக்கண்ணு ஒருமுறைகூடச் சாயவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை கண்ணையன் முன்னாலேயே பூஜை நடந்தது. அவன் சொன்னபடியே அமுதம் சட்டத்தில் குங்குமம் வைத்தாள். முன் உருளையின் இரு முனையிலும், நட்டையும் சட்டத்தையும் சேர்த்து, தாராளமான பொட்டு. அவள் சூடத்தை அணைப்பதற்குள் அவன் கிளம்பிவிட்டான். கொட்டகைச் சாவி எப்போதும் அவள் இடுப்பில்தான் இருக்கும்.

சனிக்கிழமை விடிந்ததும், இரண்டு முறை விழுந்ததும் இதே கிழமையில்தான் என்ற நினைப்பில் கண்ணையனுக்குக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. மழையில் நனைந்துகொண்டே வந்தான். சாமிக்கண்ணு சைக்கிளை உருளைகள்மேல் ஏற்றி, ஒரு காலைப் பெடலில் வைத்திருந்தான்.

"ஏறாதேடா!"

"இன்னாண்ணே, பேயைக் கண்டவன் மாதிரி?"

கண்ணையன் கண்ணில் முதலில் பட்டது கல்லுரல். மூலையில் கிடந்தது இப்போது உருளைகளுக்கு வலப்பக்கம், ஒரு முழத் தூரத்தில் நின்றது. இரண்டு முறையும் சாமிக்கண்ணு விழுந்த அதே இடம்.

குனிந்து பார்த்தான். இடப்பக்க நட்டில் பொட்டு வட்டமாக இருந்தது. வலப்பக்கத்தில் பாதிப் பொட்டு சட்டத்தில் இருந்தது. மீதிப் பாதி நட்டோடு திரும்பி எதிர்ப்பக்கம் போயிருந்தது. விரலால் தொட்டான். நட்டு ஆடியது. வேகம் பிடித்ததும் அந்த முனை பின்னால் நழுவும், பெல்ட் கழலும், சக்கரம் வலப்பக்கம் எகிறும். கால் நேராக உரலில் மோதும்.

பூஜைக்கு முன்னால் திருகியிருந்தால் பொட்டு முழுசாக இருந்திருக்கும். பொட்டு வைத்த பிறகுதான் ஸ்பானரைத் தொட்டிருக்கிறார்கள்.

மாடத்தில் இருந்த ஸ்பானரை எடுத்துப் பார்த்தான்; அதன் பிடியிலும் குங்குமப் பொட்டு.

"போய்க் கடையில பெரிய ஸ்பானரை எடுத்துட்டு வா" என்று சாமிக்கண்ணுவை அனுப்பினான். அவன் முணுமுணுத்துக்கொண்டே மழையில் இறங்கினான்.

கதவோரம் அமுதம் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"நெட்டப்பாக்கத்தான் பொட்டு வெச்சுட்டாம்மா திருகுவான்?" என்றான் கண்ணையன், மெதுவாக.

அவள் உரலைப் பார்த்தாள்.

"இந்த உரல்ல தலை மோதியிருந்தா செத்தே போயிருப்பான், தெரியுமா?"

"காலுக்குத்தாண்ணே அளந்து வெச்சேன்." அவள் குரலில் நடுக்கமே இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"அவன் வந்ததும் இன்னான்னு சொல்றது? நட்டை இறுக்கட்டுமா, வேணாமா?"

அமுதம் முந்தானையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கப்பன் கப்பலேறுனப்ப நான் எங்கம்மா வயித்துல மூணு மாசம்ணே, இப்ப எனக்கு மூணு மாசம்."