முட்டை ஓடு கிடந்த வயல்

எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையில் இரண்டு வயல்கள் அடுத்தடுத்து இருந்தன. முதல் வயலுக்குக் கேன்டீன் கழிவையும் சாணத்தையும் மக்கவைத்த உரம் மட்டும். இரண்டாவதற்கு ரசாயன உரம் மட்டும். ஆறு வருடம் இப்படிப் பயிர் செய்து, எந்த மண் தேறுகிறது என்று பார்ப்பது என் வேலை. இயற்கை விவசாயத்துக்கு மாறுகிறவர்களுக்கு அரசு பயிற்சியும் மானியமும் தருவதா வேண்டாமா என்பதை, என் அறிக்கையை வைத்து ஒரு குழு முடிவு செய்யும். என் சர்வீஸில் நான் செய்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் கூட்டங்கள்.

ஆறு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு மண்ணும் ஒன்றுபோல் இருந்தன. மண்புழுகூட ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. விளைச்சல் இரண்டாவதில் கொஞ்சம் கூடுதல். மக்கிய உரத்தால் மண்ணுக்குத் தனி நன்மை எதுவும் இல்லை என்று என் கையாலேயே எழுதினேன். எழுதிவிட்டு இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது என்றார் என் கணவர்.

குழு கூடுவதற்கு முதல் நாள், அறிக்கையின் அட்டைக்குப் படம் எடுக்க வயலுக்குப் போனேன். இரண்டாவது வயலில் மண்ணைக் கொத்திப் புரட்டியபோது ஒரு முட்டை ஓடு கிடந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. யூரியா மூட்டையில் முட்டை ஓடு வராது.

அந்த வயல்களைக் கவனித்துக்கொண்ட பண்ணைத் தொழிலாளியை எல்லோரும் நியாயஸ்தர் என்றுதான் கூப்பிடுவோம். நான்கு பேருக்கு டீ ஊற்றினால், தம்ளர்களை வரிசையாக வைத்துக் குனிந்து, கண்ணுக்கு நேராகப் பார்த்துச் சமப்படுத்துவார். அதற்குள் டீ ஆறிவிடும். இந்தச் சோதனைக்கு இவர்தான் வேண்டுமென்று அடம்பிடித்து வாங்கியவள் நான்.

கூப்பிட்டுக் கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை. ஒவ்வொரு பருவத்திலும் முதல் வயலுக்கு எட்டுக் கூடை மக்கிய உரம், இரண்டாவதற்கும் எட்டுக் கூடை. நான் கொடுத்த ரசாயன உரத்தையும் ஒரு பிடி குறையாமல் போட்டிருக்கிறார்.

"மண்ணு இறுகி வெடிச்சுக் கெடந்துச்சு மேடம். பாக்கவே பாவமா இருந்துச்சு. ரெண்டு பிள்ளை இருக்கற வீட்ல ஒண்ணுக்கு மட்டும் சோறு போட முடியுமா?"

"போடக் கூடாதுங்கறதுதாண்ணே ஆராய்ச்சி."

"அந்த உரத்தைப் போடச் சொன்னீங்க, போட்டேன். இதைப் போடாதன்னு சொல்லலையே."

உண்மைதான். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றவே இல்லை.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் திட்டத்தை ஊற்றி மூடிவிடுவார்கள். வாயைத் திறந்தால் என் ஆறு வருடம் பாழ். மறுநாள் திறந்தேன். அப்படியானால் எந்த உரம் நல்லது என்று குழுத் தலைவர் கேட்டார். தெரியாது என்றேன். முடிவு தெரியாமல் திட்டத்தை ஏற்கவும் முடியாது, தள்ளவும் முடியாது, முதலிலிருந்து ஆறு வருடம் செய்யுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு ஓய்வு பெற நான்கு வருடம்தான் இருந்தது. கழிப்பறைக்குப் போய் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு திரும்பியபோது டீ வந்திருந்தது. தம்ளருக்குத் தம்ளர் அளவு வேறு.

புது நிலத்தில் மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை நடுவில் கம்பிவேலி. முதல் வயல் நியாயஸ்தருக்கு. இரண்டாவது என் பொறுப்பு, சாவியும் என் கைப்பையில். வேலி ஓரமாகப் போகும்போது, என் வயலைப் பார்க்காமல் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மூன்றாம் வருடக் கோடையில் என் வயல் வெடித்தது. பேனா முழுதாக உள்ளே போகும் அளவுக்கு வெடிப்பு. நான் எதிர்பார்த்த முடிவு கண்ணெதிரே வந்துகொண்டிருந்தது. அளந்து குறித்துக்கொண்டேன். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மனசு கேட்கவில்லை.

ஒரு நாள் காலை என் வயலின் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். இடுப்பில் ஒரு கூடை மக்கிய உரம். எப்போது உரக்குழிக்குப் போனேன், எப்போது அள்ளினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"மேடம்," என்றார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற நியாயஸ்தர். "போடக் கூடாது."

கூடையை நீட்டினேன். வாங்கிக்கொண்டுபோய்க் குழியிலேயே கொட்டினார். முதல் வயலுக்கு எட்டுக் கூடை ஏற்கெனவே போயிருந்தது.