பயணிகள் பட்டியலில் வினோதா

விமானம் கடலில் காணாமல் போன மூன்றாம் நாள் காலையில், மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள சின்னப்பாறைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்க்கணக்குப் பிரிவில், வினோதாவின் கால்கள் தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயர்ந்திருந்தன. ஆனி மாதம், வியாழக்கிழமை. பெரட்டுக்களத்தில் கணுக்கால் அளவு சேறு. வேலைக்குப் பெயர் கொடுக்க வரிசையில் நின்ற அறுபத்து மூன்று பெண்களில் அவள் செருப்பில் மட்டும் சேறு இல்லை. கங்காணி சிவசாமிதான் முதலில் கவனித்தார். புதுச் செருப்பா என்று கேட்டார். பழசுதான் என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்து எல்லோரும் பத்தாம் நம்பர் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனார்கள்.

காணாமல் போன விமானம் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வளைகுடாவுக்குப் போனது. அதில் இருநூற்றுப் பதினான்கு பேர் இருந்தார்கள். இரண்டு மணி நேரம் வரை விமானி வழக்கம்போலப் பேசினார், பிறகு பேசவில்லை. அன்றைக்குத் தெரிந்தது அவ்வளவுதான், இன்றைக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். பல நாட்டுக் கப்பல்கள் மாதக்கணக்கில் தேடின. ஓர் இருக்கை, ஒரு கைப்பை, ஒரு சாப்பாட்டுத் தட்டு கூட மேலே வரவில்லை. தொலைக்காட்சியில் பயணிகளின் பட்டியல் ஓடியபோது லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் அதில் வினோதாவின் பெயரைக் கண்டார்கள். வினோதாவும் கண்டாள். அப்போது அவள் தங்கை மகள் சர்மிளாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

விமானத்தில் போனவள் தங்கை பிரேமினி. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் தாய், வீட்டு வேலைக்காக வெளிநாடு போகக்கூடாது என்று அப்போது சட்டம் இருந்தது. சர்மிளாவுக்கு இரண்டரை வயது. அவளுடைய அப்பன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய், அங்கேயே வேறு குடும்பம் கண்டுகொண்டான். வினோதாவுக்குக் கல்யாணமும் ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. சட்டம் அவளைத் தடுக்காது. அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே முகம், ஒரே உயரம். அட்டனிலிருந்து வந்து ஆள் சேர்க்கும் தரகர் அந்தோனிமுத்து இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, ஆண்டவராய்ப் பார்த்துச் செய்து வைத்திருக்கிறார் என்றார். வினோதா தன் அடையாள அட்டையைக் காட்டி, தன் விரலை வைத்து, தன் பெயரில் கடவுச்சீட்டு எடுத்தாள். அதைக் கையில் வாங்கிக்கொண்டு பிரேமினி போனாள். மலைநாட்டில் இப்படி அக்கா பெயரில் போன தங்கைகளையும், சித்தி பெயரில் போன மகள்களையும் வரிசையில் நிறுத்தினால் எந்தத் தோட்டத்துப் பெரட்டுக்களமும் காணாது. யாரும் அதைப் பெரிய குற்றமாக நினைத்ததில்லை. மாறுவது காகிதம்தானே, ஆள் இல்லையே என்பது எல்லோருடைய எண்ணமும். அந்த இடத்தில்தான் பிசகிப்போனது.

பிரேமினிக்குப் போக மனமில்லை. பிள்ளையை விட்டுவிட்டு எப்படி என்று கேட்டுக் கேட்டு அழுதாள். லயத்துக்குப் பின்னால் அத்திவாரத்தோடு நின்றுபோன வீட்டைக் காட்டி, இரண்டு வருடம் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்று சொல்லி, அவளைத் தள்ளி அனுப்பியவள் வினோதாதான். இதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

தீபாவளிக்குள் இரண்டு விரற்கடை ஒரு சாண் ஆனது. தோட்டத்து டிஸ்பென்சரியில் சத்துக் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அவள் ஒரு நாள் தவறாமல் விழுங்கினாள், இரும்பும் அவளோடு சேர்ந்து உயர்ந்தது. தோட்டத்து மேனேஜர் தொரை ஜீப்பில் வந்து இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஒரு நாளைக்கு எடுக்கவேண்டிய கொழுந்தை எடுக்கிறாளா என்று கேட்டார். எடுக்கிறாள், இரண்டு கிலோ கூடவே எடுக்கிறாள் என்றார் சிவசாமி. அப்படியென்றால் உயரம் அவளுடைய சொந்த விஷயம் என்று சொல்லிவிட்டுத் தொரை ஏறிப் போய்விட்டார். காற்று மாதங்களில் இடுப்பில் கட்டும் படங்குத் துணிக்குள் இரண்டு கருங்கல்லை முடிந்துகொண்டாள். அதுவும் போதாத நாட்களில் பக்கத்து நிரையில் எடுக்கும் பெண்கள் அவளை ஒரு கயிற்றால் தேயிலைத் தூரில் கட்டிவிட்டு, தங்கள் நிரையை முடித்து வந்து அவிழ்த்துவிட்டார்கள். விடிந்து எழும்போது அவள் வயிற்றுக்குக் குறுக்கே ஒரு பட்டி அழுத்திய தடம் இருந்தது. வெளிநாடு போய்வந்த பெண்கள் பார்த்தார்கள். விமானத்தில் இருக்கையோடு சேர்த்துக் கட்டும் வார்தான், இதே அகலம்தான் என்றார்கள். அன்றிலிருந்து வினோதாவுக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. பிரேமினி எங்கேயோ மேலேதான் உட்கார்ந்திருக்கிறாள், அந்த முனையிலிருந்து தன்னை இழுக்கிறாள் என்று நம்பினாள். பாவம், அப்படி நம்பிக்கொண்டுதான் அவளால் சாப்பிடவும் வேலைக்குப் போகவும் முடிந்தது.

ஆனால் இன்னொன்று அவளை அரித்தது. பிரேமினி எங்கே என்று வெளியாட்கள் கேட்டால் வலப்பனையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லும்படி அந்தோனிமுத்து தோட்டம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். நாளடைவில் அந்தப் பேச்சுக்குக் கை கால் முளைத்து, அவள் வலப்பனையில் ஒரு லாரிக்காரனோடு இருக்கிறாள் என்று ஆனது. கடலில் போனவளுக்கு இப்படி ஒரு பெயரா என்று வினோதா கொதித்துப்போனாள். ஒரு செவ்வாய்க்கிழமை மஸ்கெலியா போய், அட்டன் போய், அங்கிருந்து நுவரெலியாவுக்கு பஸ் ஏறினாள். தலை கூரையில் இடிக்காமல் குனிந்துகொள்ளும்படி கண்டக்டர் சொன்னார். டிக்கெட்டை முழுசாகத்தான் கொடுத்தார். அரசாங்கக் கச்சேரி அலுவலகங்களுக்கு அவள் ஏழு தடவை போனாள். ஏழாவது தடவை ஓர் அதிகாரி பொறுமையாக முழுவதும் கேட்டார். காணாமல் போனவரே நேரில் வந்து தாம் காணாமல் போனதைப் பற்றி முறைப்பாடு கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று சிங்களத்தில் மரியாதையாகச் சொன்னார். பிரேமினி நாட்டை விட்டுப் போனதாகப் பதிவு இல்லை, எனவே அவர் நாட்டில்தான் இருக்க வேண்டும். வினோதா போனதாகப் பதிவு இருக்கிறது, திரும்பியதாக இல்லை. இதைச் சொல்லும்போது அவர் கழுத்தை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். விமானக் கம்பெனியிலிருந்து வினோதாவின் குடும்பத்தாருக்கு அனுதாபக் கடிதம் வந்தது. தபால்காரர் கையெழுத்துக் கேட்டார். வினோதா தன் பெயரை எழுதி வாங்கிக்கொண்டாள்.

தேடுதலை நிறுத்திவிட்டோம் என்று செய்தியில் சொன்ன காலையில் அவள் ஒரே மூச்சில் ஒரு முழம் உயர்ந்தாள். அதற்குப் பிறகு தோட்டத்தில் எல்லோருக்கும் பயம் பிடித்தது. இரண்டு வருடம் கழித்து இன்னொரு செய்தி வந்தது. பட்டியலில் உள்ள அனைவருக்கும் வரும் தை மாதத்தில் மரணச் சான்றிதழ் தரப்படும். தேடுதலை நிறுத்தியதற்கே ஒரு முழம் என்றால், செத்துப்போனாள் என்று முத்திரை குத்திய காகிதத்துக்கு எவ்வளவு என்று சிவசாமி கணக்குப் போட்டார். மார்கழி முதல் ஞாயிறு மாரியம்மன் கோயில் முற்றத்தில் நாலு பேரைக் கூட்டினார். அந்தோனிமுத்துவும் வந்து ஓரமாக நின்றார். சிவசாமி சொன்ன வழி சுலபமானது. பிரேமினியின் அடையாள அட்டை பெட்டியில் சும்மா கிடக்கிறது, முகம் ஒரே முகம், பிள்ளையும் இவளிடம்தான் இருக்கிறது. நாளையிலிருந்து இவளே பிரேமினி. வினோதா கடலில் போய்விட்டாள், அரசாங்கமே சொல்கிறது. பட்டியல் உண்மையாகிவிட்டால் வானத்துக்கு இவளிடம் என்ன வேலை?

"நாளைக்குப் பெரட்டுல பிரேமினின்னு கூப்புடுறேன். வந்திருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. புள்ளைக்கும் ஒரு அம்மா கெடைச்ச மாதிரி இருக்கும்ல" என்றார் சிவசாமி. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

வினோதா கோயில் மணியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எல்லோருடைய தலைக்கும் மேலே நின்றாள். "அவ பேரையும் நான் எடுத்துக்கிட்டா, அப்ப போனது யாருங்க? அவன்னு ஒருத்தி பொறக்கவே இல்லன்னு ஆயிரும். போக மாட்டேன்னு அழுதவள அனுப்புனது நான். பேரையும் புடுங்கிக்கச் சொல்றீங்களா?" என்றாள். அந்தோனிமுத்து கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார். கூட்டம் கலைந்தது. மறுநாள் பெரட்டில் சிவசாமி வினோதா என்றுதான் கூப்பிட்டார்.

தை மாதம் நான்காம் நாள் பதிவுத் தபாலில் சான்றிதழ் வந்தது. வினோதா உறையைப் பிரித்து முதல் வரியைப் படித்து முடிப்பதற்குள் லயத்துத் தகரக் கூரையில் போய் முட்டினாள். கூரை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்றைக்குப் பத்து மணிக்குத்தான் சர்மிளாவைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்குச் சேர்க்க வேண்டியிருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நாளைக்கு நான் இருப்பேனோ இல்லையோ, இன்றைக்கே சேர்த்துவிடுகிறேன் என்றாள் வினோதா. இரண்டு கயிறு கட்டி, ஒன்றைச் சிவசாமியும் மற்றதை மூன்று பெண்களும் பிடித்துக்கொண்டு, ரோட்டோரமாக அவளைக் கூட்டிப்போனார்கள். சர்மிளா காலில் புதுச் சப்பாத்தோடு முன்னால் நடந்தாள். எதிரே வந்த கொழுந்து லாரி ஒதுங்கி வழி விட்டது.

பள்ளிக்கூட அதிபர் ஷிராணி டீச்சர் கண்டிப்பானவர். படிவத்தில் ஓர் எழுத்தை அடித்து எழுதினாலும் தாளைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதச் சொல்வார். வாசல் நிலையில் தலை படாமல் வினோதாவை உள்ளே இழுத்துக்கொண்டதும் அவள் உத்தரத்தில் போய் ஒட்டிக்கொண்டாள். டீச்சர் ஒருமுறை மேலே பார்த்துத் தலையசைத்தார், பேனாவைத் திறந்தார், பிள்ளையின் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதினார். அம்மா பெயர் என்ன என்று கேட்டார். பிரேமினி என்றது பிள்ளை. அம்மா இப்போது எங்கே என்று கேட்டார். வலப்பனை என்று சொல்லச் சொல்லி ஒரு வாரமாகப் பழக்கிக் கொடுத்திருந்தார்கள். சிவசாமி கயிற்றைப் பிடித்தபடி வலப்பனை, வலப்பனை என்று வாயசைத்தார். சர்மிளா அவரைப் பார்த்தாள், பிறகு அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, பெரியம்மா பேரைச் சொல்லி பிளேன்ல போனாங்க டீச்சர். அந்த பிளேன் இன்னும் வரல" என்றாள்.

ஷிராணி டீச்சரின் பேனா நின்றது. அதை எழுதினால் அரசாங்கப் படிவத்தில் ஒரு குற்றத்தை எழுதியதாகும். நாளைக்கு அவருக்கே விசாரணை வரலாம். எழுதாவிட்டால் பொய்யை எழுத வேண்டும். அவர் உத்தரத்தைப் பார்த்து, எழுதட்டுமா என்று கேட்டார். "எழுதுங்க டீச்சர். வர்றது எனக்கு வரட்டும்" என்றாள் வினோதா. டீச்சர் எழுதினார். கையெழுத்து வைப்பவருக்கு எழுதியதைப் படித்துக்காட்டுவது அவர் வழக்கம், அதனால் சத்தமாகப் படித்தார். தாய் பிரேமினி, சின்னப்பாறைத் தோட்டம், கீழ்க்கணக்கு, தமக்கை வினோதாவின் கடவுச்சீட்டில் விமானத்தில் சென்றவர், அந்த விமானம் கடலில் காணாமல் போனது, அவர் திரும்பவில்லை. படித்து முடித்து வட்ட முத்திரையை மையில் ஒற்றிக் குத்தினார்.

வினோதா இறங்க ஆரம்பித்தாள். அவசரமில்லாமல்தான் இறங்கினாள். டீச்சர் மீதியிருந்த மூன்று வரிகளை நிரப்பி முடிக்கவும் அவளுடைய உள்ளங்கால் சிமெந்துத் தரையில் படவும் சரியாக இருந்தது. கயிறு பிடித்திருந்த பெண்களின் முகமெல்லாம் சிரிப்பு. வினோதா மட்டும் தரையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், இரண்டரை வருடத்தில் அவள் அழுததை அன்றுதான் பார்த்தார்கள். மேலேயிருந்து இழுக்க இனி யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துபோனது. தங்கை போய்விட்டாள் என்று எல்லோரும் எழுதிக் கொடுக்கவேண்டும் என்றுதான் அவள் ஊர் ஊராக அலைந்தாள். ஒருவர் எழுதிக் கொடுத்ததும் அதைத் தாங்க அவளால் முடியவில்லை. தன்னோடு சேர்ந்து போய்விடும் என்ற பயத்தில் அதுவரை பிள்ளையைத் தூக்காமலே வளர்த்தவள், அன்றைக்கு இடுப்பில் தூக்கிக்கொண்டு மலையேறி வீட்டுக்குப் போனாள். சர்மிளா ஐந்து வயதுக்கு நல்ல கனம். வழியில் நான்கு இடத்தில் நின்று நின்று போக வேண்டியிருந்தது.

அரசாங்கக் கணக்கில் வினோதா அதன் பிறகும் இறந்தவள்தான். அதனால் அவளுக்கு வேலை கொடுக்கலாமா என்று தோட்டத்தில் ஒரு வாரம் யோசித்தார்கள், பிறகு ஒன்பதாம் நம்பர் மலைக்கு ஆள் போதவில்லை என்று கொடுத்துவிட்டார்கள். அண்ணாந்து பார்த்தே பழகிய பெண்கள், இவள் இவ்வளவு குள்ளமா என்று கேலி செய்தார்கள். பிரேமினி அந்த விமானத்தில் போனாள் என்று சொல்லும் காகிதம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது பள்ளிக்கூட அலமாரியில் இருக்கிறது. உடலும் இல்லை, புதைத்த குழியும் இல்லை என்பதால் ஆனி மாதத்தில் வினோதாவும் சர்மிளாவும் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் வாழையிலையில் கட்டிக்கொண்டு அங்கேதான் போகிறார்கள். ஷிராணி டீச்சர் அலமாரியைத் திறந்து படிவத்தை எடுத்து மேசையில் வைக்கிறார். அதற்கு முன்னால் படையல் போட்டுக் கற்பூரம் ஏற்றுகிறார்கள். டீச்சர் கிறிஸ்தவ வேதக்காரர், கும்பிடுவதில்லை, ஒதுங்கி நிற்கிறார். தாள் கருகிவிடும், தட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று மட்டும் சொல்கிறார்.