எஞ்சின் பலகை

படகின் பின்புறம் எஞ்சினைத் தாங்கும் மரப்பலகை இரண்டாவது தடவையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. முதல் தடவை கரையோரம். இந்தத் தடவை கரை தெரியாத தூரத்தில். சரிந்த எஞ்சினைத் தாவிப் பிடித்த கையைக் கட்டுப்போட்டுத் தொங்கவிட்டபடி அவள் கணவன் வீட்டில் படுத்திருந்தான்.

பட்டறையில் படகைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். அதற்கு ஒரு பக்கம் அவள் அண்ணன், தச்சர். மறுபக்கம் அவள் கொழுந்தன், ஃபைபர் வேலைக்காரன்.

"ரெசின் ஃபைபருக்கு ஒட்டும் மாப்ளே, மரத்துக்கு ஒட்டாது. எபாக்ஸிப் பசை போடுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார் அண்ணன்.

"முதல் தடவை உங்க எபாக்ஸிதானே மச்சான்? அதுவும்தான் புட்டுக்கிச்சு."

"நீ ஃபைபரை ஒழுங்கா தேய்ச்சிருக்க மாட்டே."

"மொத்தப் படகும் என் ரெசின்தான். மிதக்குதா இல்லையா?"

"மிதக்குது. எஞ்சின்தான் முங்குது."

கொழுந்தன் சிரித்துவிட்டான். அண்ணனும் சிரித்தார்.

"சிரிங்க. நல்லா சிரிங்க" என்றாள் அவள். "உடைஞ்சது உங்க கை இல்லையே."

அவள் கீழே கிடந்த மரத்துண்டுகளை எடுத்து இருவர் முன்னும் போட்டாள்.

"ஆளுக்கொரு மரத்துண்டை ஃபைபர்ல ஒட்டுங்க. அவங்கவங்க பசை, அவங்கவங்க கை. காஞ்சதும் நான் உடைக்கிறேன்."

கொழுந்தன் இரண்டு ஃபைபர்த் துண்டுகளையும் உப்புத்தாளால் தேய்த்தான். தன்னுடையதில் ரெசின் பூசி, மரத்தை வைத்து, மேலே ஒரு கல்லை ஏற்றினான். அண்ணன் எபாக்ஸியை அளந்து கலந்தார், கெட்டியாகப் பொடி சேர்த்துக் குழைத்துப் பூசினார். பிறகு மரத்தையும் ஃபைபரையும் சேர்த்துக் கவ்வும் கிளாம்ப் போட்டு, மேசை நாற்காலி ஒட்டியே பழகிய கையால், பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். மரம் முனகினால்தான் அவருக்கு இறுகிய மாதிரி.

காய்ந்த பிறகு அவள் வந்தாள். கொழுந்தனின் துண்டில் உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினாள். மரம் கழன்று விழுந்தது. ரெசின் முழுக்க ஃபைபரிலேயே தங்கிவிட்டது. மரம் துடைத்த மாதிரி இருந்தது.

"நான் சொல்லல?" என்றார் அண்ணன்.

அவள் உளியை அவர் துண்டுக்கு நகர்த்தினாள். இரண்டு தட்டு. அதுவும் விழுந்தது. நடுவில் பசையே இல்லை. எல்லாம் பிதுங்கி ஓரத்தில் கல்லாகியிருந்தது.

"ஒட்டச் சொன்னா பிழிஞ்சு வெச்சிருக்கீங்களே மச்சான். ஈரத் துணியா அது?"

"மரவேலையில இறுக்கினாத்தான்..."

"இது நாற்காலியா அண்ணா?" அவள் குரல் தகரக் கூரையில் மோதியது. "உட்கார்ந்தவன் விழுந்தா எழுந்துக்கிறதுக்கு? ஒருத்தனுக்குப் பசை தெரியல. ஒருத்தருக்குக் கை அடங்கல. ரெண்டு பேரும் வாய்ல மட்டும் நல்லா ஒட்டுறீங்க. கடலுக்குப் போறது அவரு."

"அண்ணி, நான் சொல்றதக் கொஞ்சம்..."

"பேசாதே. எபாக்ஸிதான். தேய்க்கிறது நீ, ஒட்டுறது அண்ணன். காஞ்சதும் முதல்ல நீங்க ரெண்டு பேரும் இந்தப் படகுல போறீங்க. கரை மறையற வரைக்கும்."

"எனக்கு நீச்சல் தெரியாதேம்மா" என்றார் அண்ணன்.

"இவனுக்கும் தெரியாது. அதனாலதான் சொல்றேன்."



கொழுந்தன் உப்புத்தாளை எடுத்தான். படகின் பின்பக்க ஃபைபரில் பளபளப்பு போகும்வரை தேய்த்தான். போன பிறகும் தேய்த்தான். அண்ணன் எபாக்ஸியைத் தடிப்பாகப் பூசிப் பலகையைப் பொருத்தினார். கிளாம்பைத் திருகினார். ஓரத்தில் பசை மணிமணியாக எட்டிப் பார்த்தது. பழக்கதோஷம், கை அடுத்த சுற்றுக்குப் போனது.

கொழுந்தன் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"போதும் மச்சான். எனக்கும் பொண்டாட்டி இருக்கா."

அண்ணன் கையை எடுத்தார். அவள் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.