அப்பாவைச் சின்னதாக்காதே

ஜெயப்பிரியாவைக் கடையிலிருந்து வெளியே அனுப்பிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் போனேன். என் கட்டடத்திலேயே பிரௌசிங் சென்டர் வைத்துக்கொண்டு எனக்கே குழி பறித்தால் சும்மா விடுவேனா?

உத்திரமேரூரில் எனக்குக் கல்யாண மண்டபம் இருக்கிறது. அதற்கு வெப்சைட் செய்து கொடுத்தது அவள்தான். எனக்குப் போட்டியாக மண்டபம் நடத்தும் தாயாரம்மாளுக்கும் அவள்தான். அந்தம்மாவுக்குத் தை மாதம் ஒரு முகூர்த்தம்கூடக் காலியில்லை. என் மண்டபத்தில் நாய் படுத்துக் கிடக்கிறது. ஒரு சென்னைப் பார்ட்டியைக் கேட்டதற்கு, "உங்க சைட்டு தொறக்கவே மாட்டேங்குது சார்" என்றார். வேறென்ன சாட்சி வேண்டும்? காசு கைமாறியிருக்கிறது. போன வாரமே காலி பண்ணச் சொல்லிவிட்டேன். அவள் காசு வாங்கின கதையை டீக்கடையிலும் நாலு பேர் காதில் போட்டு வைத்தேன். இன்றுதான் கெடு.

"அவங்ககிட்ட எவ்ளோ வாங்கின?" என்றேன், உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக.

அவள் தாயாரம்மாள் சைட்டைத் திறந்தாள். டக்கென்று வந்தது. பிறகு என்னுடையதைத் திறந்தாள். முதலில் என் அப்பாவின் தலைப்பாகை மட்டும் தெரிந்தது. நெற்றி வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்தே போய்விட்டார்.

"பாத்தியா! என்னுதுல மட்டும் இன்னாமோ பண்ணி வெச்சிக்கீற."

"பண்ணது நீங்கதாண்ணா. நைனா நெனவு நாளுக்கு வாலாஜாபாத்ல ஃப்ளெக்ஸ் பேனர் அடிச்சீங்களே, அந்த சிடில கீற படம் இது. இருவதடி பேனருக்கு செஞ்சது, அதான் தொறக்க இவ்ளோ நேரம். கொறைச்சிப் போடறேன்னு கெஞ்சினேன். இன்னா சொன்னீங்க?"

எனக்கு ஞாபகம் இருந்தது. செத்துப்போன தகப்பனைச் சின்னதாக்கினால் வம்சம் விளங்குமா என்று குதித்திருந்தேன். நம் ஊரில் அப்பா படத்தை யாராவது சின்னதாக மாட்டுவார்களா?

"கண்ணுக்கு அதே அளவுதாண்ணா தெரியும். படத்தோட வெயிட்டுதான் கொறையும்" என்றபடி படத்தைக் குறைத்தாள். பக்கம் திறந்ததும் தானாக வாசிக்கும்படி நான் போடச் சொன்ன நாதஸ்வரத்தை எடுத்துவிட்டு, கேட்க நினைப்பவருக்கு ஒரு பட்டன் வைத்தாள். மண்டபத்தின் பேரையும் போன் நம்பரையும் மேலே ஏற்றினாள். "பத்து எண்றதுக்குள்ள வரலன்னா, பாக்கறவங்க அடுத்த மண்டபத்துக்குப் போயினே இருப்பாங்க. யாரு இதுக்குன்னு குந்திக்கினு இருப்பாங்க?"

மறுபடி திறந்தாள். நான் நாலு எண்ணுவதற்குள் அப்பா முழுசாக வந்து நின்றார், மீசையோடு. ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை.

வெட்கமாகப் போயிற்று. அதைவிடப் பயமாக இருந்தது. இந்த வேலை தெரிந்த ஆள் ஊரில் இவள் ஒருத்திதான். "சரிம்மா, கோவத்துல சொல்லிட்டேன். நீ எங்கியும் போவாத. இங்கியே இரு" என்றேன்.

"நேத்தே வேற கடைக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேண்ணா."

"எங்க?"

"தாயாரம்மா மண்டபத்துக்கு எதிர்ல, அவங்க கடைதான். நீங்க டீக்கடைல பேசினதுக்கப்புறம் வேற யாரும் எடம் தரல." கம்ப்யூட்டரின் வயரைப் பிடுங்கிச் சுருட்டத் தொடங்கினாள். "வெப்சைட்டு வேலைக்கு அவங்க மேனேஜர்தான் எப்பவும் வந்துனு போவாரு. அந்தம்மா மூஞ்சிய நான் பாத்ததே நேத்துதாண்ணா."