ரோட்டில் நின்று கஞ்சி குடித்த மாப்பிள்ளை

றாபியா வீட்டுக்கு மாப்பிள்ளை வந்து ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அதற்குள் அவள் மானம் கப்பலேறிவிட்டது. செய்தியைச் சுமந்து வந்தவர் வேறு யாருமில்லை, உக்குவளைக் கடைத்தெருவில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற அவளுடைய புருஷன் புஹாரிதான்.

"ஒன்ட மருமகன் காலையில பஸ் ஹோல்ட்டுல நின்டு கஞ்சி குடிக்கிறாராம். பக்கத்துக் கடை ஜிப்ரி பாத்துட்டு வந்து, கடையில நாலு பேருக்கு முன்னால வெச்சுச் சொல்றான்."

றாபியாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. "கஞ்சியா? காய்ச்சலும் இல்ல, நோம்பும் இல்ல, அவருக்கு என்னத்துக்குக் கஞ்சி?"

"அதத்தான் ஊரும் கேக்குது. பொண்ணு வீட்டுல திங்கக் குடுக்கல்லையான்டு."

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அதிலும் ஜிப்ரியின் வாய் பெருநாளைக்குக்கூட லீவு எடுக்காத வாய்.

அவள் கொடுக்காத சாப்பாடா! புதுமாப்பிள்ளை விடிந்து எழும்பினால் தட்டில் முட்டை இருக்க வேண்டும் என்பது அவளுடைய உம்மா போட்ட சட்டம். றாபியா அந்தச் சட்டத்தை ஒரு நாளும் மீறியதில்லை. திங்கட்கிழமை முட்டையப்பம், செவ்வாய் முட்டை ரொட்டி, புதன் பராட்டாவோடு பொரித்த முட்டை, வியாழன் இடியப்பத்துக்கு முட்டை ஆணம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நாள் என்பதால் எது செய்தாலும் அது இரட்டிப்பு.

மருமகன் இப்திகாருக்கு மாத்தளையில் ஒரு மருந்துக் கடையில் வேலை. குனிந்த தலை நிமிராத மனுஷன். "இன்னும் வெக்கட்டா மருமகன்?" என்றால் "போதும் மாமி." தேத்தண்ணி ஊற்றவா என்றால் அதற்கும் "போதும் மாமி." அதைத் தவிர அந்தச் சாப்பாட்டு மேசையில் அவர் வாயிலிருந்து வேறு பேச்சு வந்ததில்லை. றாபியாவுக்கு இது முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது. கேட்டு வாங்கித் தின்கிறவன்தான் வீட்டுப் பிள்ளை, போதும் போதும் என்கிறவன் விருந்தாளி. விருந்தாளி என்றைக்காவது பெட்டியைக் கட்டுவான். கட்டினால் ஒரே மகள் நுஸ்லாவும் அந்தப் பெட்டியோடு போய்விடுவாள்.

ஆனால் தட்டு என்னவோ தினமும் துடைத்து வைத்ததுபோல் காலியாகத்தான் திரும்பி வந்தது. கலியாணத்தன்று தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் மணக்கும் வட்டிலப்பத்தை மூன்று கோப்பை அவர் வழித்து வழித்துத் தின்றதையும் அவள் கண்ணால் கண்டவள்தான். இவ்வளவும் தின்றுவிட்டு ரோட்டில் கஞ்சியும் குடிக்கிறார் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று றாபியா தீர்மானித்தாள். மருமகனுக்கு இந்த வீட்டில் வயிறு நிறையவில்லை.

மறுநாள் முட்டையை மூன்றாக்கினாள்.

தட்டைப் பார்த்த மருமகனின் முகம் வெளுத்தது. சந்தோஷத்தில் சிலருக்கு அப்படி ஆகும் என்று அவள் எடுத்துக்கொண்டாள். சட்டி கழுவப் போய்த் திரும்புவதற்குள் தட்டும் காலி, மருமகனும் இல்லை. பகல் சாப்பாட்டுக்கு வந்த புஹாரி செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "இன்டைக்கு ரெண்டு கோப்பை குடிச்சாராம்."

இனிப் பொறுக்க முடியாது. அடுத்த நாள் மருமகனின் பஸ் போனதும் றாபியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஹோல்ட்டுக்கு நடந்தாள். தன் மாப்பிள்ளையை வளைத்துப்போட்ட அந்தக் கஞ்சிக்காரியைப் பிடித்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்பதென்று கேள்விகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே போனாள்.

மதிலோரம் ஒரு ஸ்டூலும் மூடி போட்ட பானையும் வைத்துக்கொண்டு கஞ்சிக்காரி நேசம்மா உட்கார்ந்திருந்தாள். ஆளைக் கண்டதும் கேட்காமலே ஒரு கோப்பை வல்லாரைக் கஞ்சியை ஊற்றி, ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியோடு நீட்டினாள். "குடிங்கம்மா, சூடா இருக்கு."

"இங்க ஒரு புதுமாப்பிள்ளை வாராராமே?"

"மருந்துக்கடைத் தம்பியா? தங்கமான புள்ளைங்க! வீட்டுல ஒண்ணும் குடுக்கிறதில்லையான்னு நானே கேட்டேன். ‘ஐயோ, மாமி ரொம்ப நல்லா சமைப்பாங்க, எனக்குத்தான் முட்டை வாடையே ஆகாது’ன்னாரு. அத வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானேன்னா, ‘சொன்னா மாமி மனசு நோகும்’ங்கிறாரு. பாவம், அம்புட்டு முட்டையையும் பூனைக்குப் போட்டுட்டு வெறும் வயித்தோட ஓடி வர்றாரும்மா."

றாபியாவின் கண்முன் அவளுடைய வீட்டுப் பூனை வந்து நின்றது. கொஞ்ச நாளாக அதன் முடி பளபளத்தது. மதிலில் தாவப் போனால் பாதியில் விழுந்தது. குட்டி போடப் போகிறதாக்கும் என்று இவள் வீட்டின் பின்கோடியில் சாக்கு விரித்துக் காத்திருந்தாள்.

ஒரு மாதமாகத் தான் பொரித்ததும் அவித்ததும் பூனைக்கு என்று தெரிந்தால் யாருக்குத்தான் எரியாது? எரிந்தது. ஆனால் ‘மாமி மனசு நோகும்’ என்ற இடத்தில் அந்த நெருப்பில் யாரோ தண்ணீர் ஊற்றிவிட்டார்கள். தன் மனதுக்காக ஒரு மனுஷன் பட்டினி கிடந்திருக்கிறான். அடுக்கி வைத்த கேள்விகளை அப்படியே விட்டுவிட்டு, நீட்டிய கோப்பையை வாங்கினாள். கஞ்சியைக் குடித்தாள். நன்றாக இருந்தது, அது வேறு ஆத்திரம்.

வீட்டுக்கு வந்து நுஸ்லாவைப் பிடித்தாள். "எனக்குத் தெரியும் உம்மா. சொல்ல வேணாம்டு சத்தியம் வாங்கிட்டாரு," என்றாள் மகள், தலையை வாரிக்கொண்டே.

"நல்ல சத்தியம்! புருஷன் பட்டினி, பூனை கொழுப்பு!"

அன்றோடு அந்த வீட்டில் முட்டைக்குத் தடை. மருமகனுக்கு இனி லேசான சாப்பாடுதான் என்று றாபியா முடிவெடுத்தாள். றாபியா ஒன்றை முடிவெடுத்தால் அதைக் கொஞ்சமாகச் செய்ய அவளுக்குத் தெரியாது. மறுநாள் விடியலில் மேசையில் வல்லாரைக் கஞ்சி இருந்தது. பக்கத்தில் தேங்காய்ப்பூ தூவிய அவித்த பாசிப்பயறு, குரக்கன் ரொட்டியும் கட்டச் சம்பலும், இடியப்பமும் வெள்ளைச் சொதியும், அவித்த மரவள்ளிக்கிழங்கு, ஒரு முழுப் பப்பாளி. ஒவ்வொன்றும் லேசானதுதான். எல்லாவற்றையும் ஒரே வயிற்றில் ஏற்றினால் அது லொறிச் சுமை.

இப்திகார் மேசையைப் பார்த்தார். முட்டையைக் காணவில்லை. மெதுவாகத் தலையை நிமிர்த்தினார்.

"மாமிக்கு... தெரிஞ்சிட்டா?"

"பூனை சொல்லிச்சு. உக்காருங்க மருமகன்."

அவர் காதுவரை சிவந்துபோய் உட்கார்ந்து சாப்பிட்டார். நிறையவே சாப்பிட்டார். எழும்பும்போது மட்டும் பழையபடி, "போதும் மாமி."

பிறகு றாபியாவும் அடங்கி, நாளுக்கு ஒன்றாகச் செய்தாள். மருமகன் ரோட்டில் நிற்பது நின்றது. ஜிப்ரியின் வாய்க்குத் தீனி கிடைக்காமல் போகவில்லை. வீட்டில் முட்டை வாடை இல்லாத ஏக்கத்தில் புஹாரி ஒரு ஹோட்டல் மூலையில் ஒளிந்திருந்து முட்டை ரொட்டி தின்றதை அவன்தான் ஊருக்குச் சொன்னான். பூனை இளைத்து, பழையபடி மதிலில் தாவியது. எல்லாம் சரியாகிவிட்டது, அந்தப் ‘போதும் மாமி’ மட்டும் மாறவில்லை. ஒன்றையாவது வேணும் என்று கேட்கமாட்டாரா என்று றாபியா ஏங்கினாள்.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. தொழுதுவிட்டு வந்த மருமகன் புதுச் சாரமும் அத்தர் வாசமுமாக மேசைக்கு வந்தார். இடியப்பம் இருந்தது, இறைச்சி ஆணம் இருந்தது, தொதல் இருந்தது, பழம் இருந்தது. அவர் உட்காரவில்லை. ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தார். அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"மாமி... வட்டிலப்பம் இல்லையா?"

ஆசை வெட்கம் அறியாது என்பது சரிதான். றாபியா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"என்ட அல்லாஹ்வே! மருமகன், ஒரு சட்டி வட்டிலப்பத்துக்குப் பத்து முட்டை போகுமே!"

நுஸ்லா சிரிப்பை அடக்கக் கையால் வாயைப் பொத்தினாள். இறைச்சித் துண்டை வாய்க்குக் கொண்டுபோன புஹாரி பாதியில் நிறுத்திக்கொண்டார். இப்திகார் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். மருந்துக்கடையில் ஒரு மாத்திரைக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் விளக்குகிற அதே பொறுமையோடு சொன்னார்:

"அது முட்டை இல்லையே மாமி. அது வட்டிலப்பம்."

றாபியாவுக்கு ஆத்திரம்தான் வந்திருக்க வேண்டும். ஊர்ப்பேச்சு, பூனை, மரவள்ளி, ஹோட்டல் மூலையில் ஒளிந்த புருஷன் எல்லாம் இந்த ஒரு வாய்க்காகப் பட்ட பாடு. ஆனால் அவள் மனம் குதித்தது. கேட்டுவிட்டார்! இந்த வீட்டில் மருமகன் வாயைத் திறந்து ஒன்றைக் கேட்டுவிட்டார்! அவளுக்குக் கண்கூடக் கலங்கியது. அதை மறைக்கப் புருஷன்மேல் பாய்ந்தாள்.

"என்ன பாத்துக்கிட்டிரிக்கிறீங்க? சந்திக் கடை தொறந்திரிக்கும், போய் முட்டை வாங்கிட்டு வாங்க!"

புஹாரி அந்த வேகத்தில் நடந்து ஊர் பார்த்ததில்லை. பத்துக் கேட்டால் முப்பது முட்டைத் தட்டையே வாங்கி வந்தார்.

றாபியா கருப்பட்டியைச் சீவி, ஏலமும் சாதிக்காயும் இடித்து, தேங்காய்ப்பாலை எடுத்து வைத்தாள். பிறகு மருமகனைக் கூப்பிட்டாள்.

"வாங்க. முட்டைய நீங்கதான் ஒடைக்கணும். பூனைக்குப் போட்ட பாவத்துக்கு."

இப்திகார் புதுச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் வந்தார். இடது கையால் மூக்கைப் பிடித்தார், வலது கையால் முட்டையை உடைத்தார். ஒவ்வொன்று உடையும்போதும் முகம் கோணியது, ஆனால் கை நிற்கவில்லை. பத்தாவது முட்டையின் கோதைப் போட்டுவிட்டு மூக்கைப் பிடித்த கையை எடுக்காமலே சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"போதும் மருமகன்," என்றாள் றாபியா.

"போதாது மாமி," என்றார் இப்திகார். "இன்னும் ரெண்டு ஒடைப்போம்."