பத்து விநாடிக்கு ஒரு ஹப்

சென்ற ஆண்டு பல் டாக்டர் பந்தயக் காரிலிருந்து இறங்கப் பத்தொன்பது விநாடி எடுத்துக்கொண்டார். விதிப்படி பத்து விநாடிதான். ஹெல்மெட், கையுறை, தீப்பிடிக்காத உடுப்பு எல்லாம் அணிந்து, பெல்ட்டைப் பூட்டி உட்கார வேண்டும். பரிசோதகர் விசில் ஊதியதும் யார் உதவியும் இல்லாமல் வெளியே வந்து இரண்டு காலையும் தரையில் ஊன்ற வேண்டும். முடியாதவர் ஓட்ட முடியாது. தீப்பிடித்த கார் ஆளைப் பார்த்து மெதுவாக எரிவதில்லை என்பதுதான் விதியின் நியாயம்.

"ஸ்டியரிங் இடிச்சுது," என்றார் டாக்டர் அன்றைக்கு.

யாரும் மறுக்கவில்லை. ஸ்டியரிங் இடித்தது உண்மைதான். எதில் இடித்தது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

அது கிழட்டுக் கார்களுக்கான பந்தயம். மலிவான காராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை; பாதுகாப்புச் சாமான்களுக்கு மட்டும் விலை வரம்பு கிடையாது. டாக்டரின் காருக்கு இருபத்தொரு வயது. யாரோ ஒரு குடும்பம் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவந்த கார். பின் இருக்கைகளைப் பிடுங்கி, உள்ளே இரும்புக் குழாயால் கூண்டு கட்டியிருந்தார் மெக்கானிக். ஓட்டுநர்கள் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மெக்கானிக். இன்னொருவர் டாக்டர். டாக்டரால் முடியாமல் போனால் மாற்று ஓட்டுநராக அவருடைய மச்சானின் பெயரைக் கொடுத்திருந்தார்கள்.

மச்சான் இன்சூரன்ஸ் சர்வேயர். காலை முதல் மாலை வரை நசுங்கிய கார்களைப் படம் எடுப்பவர். இந்தப் பந்தயத்தில் அத்தான் தேற வேண்டும் என்று டாக்டரைவிட அதிகமாக வேண்டிக்கொண்டவர் அவர்தான்.

டாக்டருக்கோ பின்வாங்க வழியில்லை. கிளினிக் சுவரில் ஹெல்மெட்டை இடுப்பில் அணைத்தபடி அவர் நிற்கும் படம் இரண்டு வருடமாகத் தொங்குகிறது. நோயாளிகளிடம் வளைவுகளைப் பற்றியும் முந்திச் செல்லும் நுணுக்கத்தைப் பற்றியும் பேசுவார். வாயில் பஞ்சோடு படுத்திருப்பவர் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. மனைவியிடம் சென்ற ஆண்டுக் கதையை எஞ்சின் கோளாறு என்று முடித்திருந்தார். இந்த ஆண்டும் ஓட்டாவிட்டால் படத்தை இறக்க வேண்டியதுதான்.

ஆகவே கழன்று வரும் ஸ்டியரிங் தேவைப்பட்டது. ஸ்டியரிங் சக்கரத்துக்கும் அதன் தண்டுக்கும் நடுவில் ஒரு ஹப். ஹப்பைச் சுற்றியுள்ள வளையத்தை இழுத்தால் ஸ்டியரிங் கையோடு வந்துவிடும். எந்த ஹப் என்பதை முடிவு செய்ய மூன்று பேரும் வாட்ஸ்அப்பில் குழு தொடங்கினார்கள். மூன்று மாதத்தில் நானூற்றுச் சொச்சம் செய்திகள். மச்சான் பதினோரு கட்டங்களில் ஓர் அட்டவணை தயாரித்தார். எடை, உலோகம், தேய்மானம், கையுறையோடு பிடிக்கும் வசதி என்று எல்லாம் இருந்தன. ஓட்டுநரின் சுற்றளவுக்கு மட்டும் கட்டம் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு இந்தக் காலத்தில் அட்டவணை என்று பெயர்.

கடைசியில் மூன்று ஹப்புகள் மெக்கானிக்கின் மேஜைக்கு வந்தன. டாக்டர் முதலில் எடுத்தது ஊதா நிறத்தில் பளபளத்த ஒன்று.

"கலர் நல்லா இருக்கே அண்ணே."

மெக்கானிக் அதை மாட்டி ஸ்டியரிங்கை ஆட்டிக் காட்டினார். "பாருங்க. நடுவுல மயிரிழை ஆட்டம், விளிம்புல விரக்கடை ஆட்டம். ஆடுற பல்ல என்ன பண்ணுவீங்க டாக்டரே?"

"புடுங்கிருவேன்."

"இது உங்களுக்கு அந்தச் சிரமம் வைக்காது. வளைவுல தானா வந்துரும்."

இரண்டாவதைப் பொத்தானை அழுத்திக் கழற்ற வேண்டும். கையுறை போட்ட விரலுக்குப் பொத்தான் அகப்படவில்லை. மூன்றாவதில் உள்பக்கம் நெருக்கமாகப் பல் வெட்டியிருந்தது. மாட்டியதும் கிளிக் என்ற ஒரே சத்தம். அப்புறம் வெல்டு வைத்ததுபோல் நின்றது. அதன் விலையைக் கேட்டு மச்சான் மட்டும் சற்று உட்கார்ந்தார்.

"இதத்தான் எடுக்கணும்," என்றார் மெக்கானிக். பிறகு தொண்டையைச் செருமினார். "ஆனா டாக்டரே, ஸ்டியரிங்கக் கழட்டினா ஒரு சாண் இடம் கிடைக்கும். அதுக்கு மேல..."

"அதுக்கு மேல என்ன?"

மெக்கானிக் காலண்டரைப் பார்த்தார். மச்சான் அட்டவணையைப் பார்த்தார்.

"அதுக்கு மேல உங்க கைவேகம்," என்றார் மெக்கானிக்.

கைவேகத்தை டாக்டர் கிளினிக்கிலேயே வளர்த்துக்கொண்டார். கார் அப்போது எஞ்சின் இல்லாமல் ஜாக்கி மேல் நின்றது. கருவித் தட்டைத் தாங்கும் கம்பியில் ஹப்பை முடுக்கி, நோயாளிகளின் நாற்காலியில் தானே சாய்ந்துகொள்வார். வளையத்தை இழுப்பார், ஸ்டியரிங் வரும், வலது கையை நீட்டுவார், பக்கத்தில் நிற்கும் உதவியாளப் பெண் அதை வாங்கிக்கொள்வாள். ஒன்றரை விநாடி. ஒரு நாளைக்கு நாற்பது தடவை.

"அத்தான், இறங்கியும் ஒரு தடவ பாத்துரலாமே," என்றார் மச்சான், கூடியவரை மெதுவாக.

"இறங்கறதுல என்னடா இருக்கு? தினமும் கார்லருந்து இறங்கலையா?"

பந்தய நாள் காலை. பரிசோதகர் ஒல்லியான பெண். கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச், அக்குளில் அட்டை. டாக்டரை உள்ளே ஏற்றிப் பெல்ட்டைப் பூட்டவே ஐந்து நிமிடம் ஆயிற்று. ஏறுவதற்கு நேரக் கணக்கு இல்லை.

விசில் ஊதினாள். டாக்டர் வளையத்தை இழுத்தார். ஸ்டியரிங் வழுக்கிக்கொண்டு வந்தது. ஜன்னல் வழியாக வலது கையை ஸ்டியரிங்கோடு வெளியே நீட்டினார். நீட்டியபடியே காத்திருந்தார்.

மச்சானின் கை தானாக எழுந்தது. மெக்கானிக் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். உதவினால் தகுதி போய்விடும்.

"சிஸ்டர்!" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து எரிச்சலோடு ஒரு குரல் வந்தது.

அடுத்த கார்க்காரர்கள் சிரித்தார்கள். இருபது வருடம் பல் பிடுங்கிய கை, வாங்க ஆள் இல்லாமல் கருவியைக் கீழே வைத்ததே இல்லை. விநாடி பத்தைத் தாண்டியதும் பரிசோதகர் நிறுத்தினாள். "இன்னொரு தடவ இருக்கு சார். கையில இருக்கிறத எங்கயாவது போட்டுருங்க."

இரண்டாம் முறை ஸ்டியரிங் பறந்துபோய் மச்சானின் காலடியில் விழுந்தது. பெல்ட் சட்டென்று விட்டது. ஹெல்மெட் வெளியே வந்தது. ஒரு தோள் வந்தது. குறுக்குக் குழாய்க்கு மேல் ஒரு கால் வந்தது. நடுவில் வர வேண்டியது யோசித்தது. டாக்டர் மூச்சை உள்ளே இழுத்தார், வெளியே விட்டார், பக்கவாட்டில் திரும்பினார், திரும்பியதைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் இரண்டு காலும் தரையைத் தொட்டன.

"பதினாறு," என்றாள் பரிசோதகர்.

"புது ஹப்பு மேடம். வேகமாத்தானே கழட்டினேன்?"

"ரொம்ப நல்ல ஹப் சார். ஸ்டியரிங் ஒன்றரை செகண்ட், பெல்ட் ரெண்டு."

"அப்ப மீதி பன்னிரண்டரை எதுல போச்சு?"

அவள் ஆச்சரியத்தோடு நிமிர்ந்தாள். "உங்க வயித்துல சார்," என்றாள். டயரில் காற்றளவு சொல்வதுபோலத்தான் சொன்னாள். அட்டையில் குறித்துக்கொண்டு அடுத்த காருக்குப் போனாள். மூன்று மாதம், நானூறு செய்தி, பதினோரு கட்டம் சொல்லாததைச் சொல்ல அவளுக்கு இரண்டு விநாடி ஆகியிருக்கும்.

மச்சானை உள்ளே உட்கார வைத்தார்கள். மெதுவாக இறங்கித் தோற்றுவிடுவது என்று அவர் உறுதியாக இருந்தார். ஆனால் எரிந்த கார்களைத் தினமும் பார்ப்பவரின் உடம்பு விசிலைக் கேட்டதும் அவரைக் கேட்கவில்லை. ஆறு விநாடி. அன்றைய நாளின் மிகக் குறைந்த நேரம் அதுதான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். மச்சானின் முகம் வெளுத்திருந்தது.

கார் பாதைக்கு நகரும் நேரத்தில் டாக்டரின் போன் அடித்தது. மனைவி. ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க, ஓட்டியாச்சா?"

"இல்லம்மா. ஹப்புல சின்னப் பிரச்சினை."

"மூணு பேரும் மூணு மாசமா அதத்தானே பாத்தீங்க! போன என் தம்பிகிட்ட குடுங்க."

போன் ஜன்னலுக்குள் நீண்டது. மச்சான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். அது இம்மியும் அசையவில்லை. வெளியே அத்தானின் கண்கள், நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருப்பவரின் கண்களைப்போல் கெஞ்சின.

"ஆமாக்கா," என்றார் மச்சான். "கொஞ்சம் ஆட்டம் இருக்கு."

"ஆட்டம் இருக்கிற வண்டில இப்ப யாருடா போறது?"

"நான்தான்க்கா."

எதிர்முனையில் எழுந்த கூச்சலில் மெக்கானிக் இரண்டு அடி பின்வாங்கினார். டாக்டர் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நானும் காலைலருந்து வேணாம்னுதான் சொல்றேன்," என்றார். "உன் தம்பி கேட்டாத்தானே?"