டாக்டரம்மா ஊர்ச் சொல்

சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்து முடிந்த வருஷம். உலகத்து வார்த்தைகளுக்கெல்லாம் தமிழில் தாய்வீடு தேடும் காய்ச்சல் காஞ்சிபுரத்தையும் பிடித்திருந்தது. தமிழ் வாத்தியார் நமச்சிவாயத்துக்கு அது கொஞ்சம் அதிகம். ஆங்கிலத்து ‘கிளான்’ நம்முடைய ‘குலம்’தான் என்று தன் குலத்தாரின் சங்க ஆண்டு விழாவில் முழங்கப் போவதாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அகராதியோ அதை ஸ்காட்லாந்து மலைச்சீமையின் கேலிக் மொழிச் சொல் என்றது. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா மோராகுக்கு அதுதான் தாய்மொழி என்று கேள்விப்பட்டு, நேரிலேயே கேட்டுவரக் கிளம்பினார்.

“ஏங்க, வடிவும் அங்கதான் இருக்குது,” என்றாள் மனைவி தில்லையம்மாள். “ஆம்பளப் புள்ளையாம். இன்னிக்கு வீட்டுக்கு அனுப்பறாங்களாம். ஒரு எட்டு பாத்துட்டு வாங்களேன்.”

“நான் போறது வார்த்தைக்கு,” என்று சீறினார்.

வடிவாம்பாள் அவருடைய ஒரே மகள். ஏனாத்தூர் விவசாயக் குடும்பத்துப் பையன் அர்ஜுனனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்றே, குலத்தைக் கெடுத்தவள் என்று அவளைத் தலைமுழுகிவிட்டார். அதற்குப் பிறகு பேச்சில்லை. ஆனாலும் பாருங்கள், வார்த்தை கேட்க வந்த மனிதர் பிரசவ வார்டு வழியாக ஏன் சுற்றிக்கொண்டு போக வேண்டும்? கதவோரம் நடையைக்கூடக் குறைத்தார். உள்ளே எட்டிப் பார்க்க மட்டும் வீம்பு விடவில்லை.

டாக்டரம்மா வந்து வருஷக்கணக்காகி, பேச்சில் இந்த ஊர்க்காரியே ஆகிவிட்டவர். கேள்வியைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“எங்க ஊர்ல அது குலம் இல்ல வாத்தியாரே. புள்ளைங்க. ஒரே தாத்தாவோட புள்ளைங்கன்னு பெரிய கூட்டத்துக்கும் அந்தப் பேரு அப்புறமா வந்துச்சு. ரெண்டு பொம்பளைங்க பேசிக்கினு நின்னா, மொதல்ல இதத்தான் கேப்பாங்க, உனக்கு எத்தினி புள்ளைங்கன்னு.” சிரித்துக்கொண்டே, “உங்களுக்கு எத்தினி?” என்றார்.

தயாரித்த பேச்சு பாழாய்ப்போன எரிச்சல் ஒருபக்கம். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிப் பழகிய பதில் நாக்கு நுனியில் இருந்தது.

“எனக்குப் புள்ளைங்க இல்லம்மா.”

டாக்டரம்மாவின் பார்வை அவர் தோளைத் தாண்டிப் போனது. “வாம்மா, கிளம்பிட்டியா?”

வாத்தியார் திரும்பினார். அறை வாசலில் வடிவு நின்றிருந்தாள், கையில் துணி சுற்றிய குழந்தையோடு. கேட்டுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. இப்போதாவது ‘என் பொண்ணும்மா’ என்று சொல்லிவிடலாம். சொன்னால் இந்த டாக்டரம்மா தன்னை என்ன மனிதன் என்று நினைப்பார்? அந்த வெட்கம் வாயைக் கட்டிவிட்டது.

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இவர உனக்குத் தெரியுமா?”

வடிவு குழந்தையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். “இஸ்கூல் வாத்தியாரு. பாத்திருக்கேன்மா.”

அந்த நிலையிலும் அப்பாவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டு, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நமச்சிவாயம் எழுந்தார்.

“உக்காருங்க, இன்னும் முடியல,” என்றார் டாக்டரம்மா உற்சாகமாக. “அந்த வார்த்தை மூலத்துல லத்தீன். ‘ப’ல ஆரம்பிக்கும். எங்க பழைய ஆளுங்களுக்கு அந்தச் சத்தம் வராது, ‘க’ ஆக்கிட்டாங்க. அர்த்தம் துளிருன்னு சொல்லலாம். நட்டு வைக்கற கன்னு.”

ஜன்னல் வழியே அர்ஜுனன் வடிவைக் கைத்தாங்கலாக ரிக்‌ஷாவில் ஏற்றுவது தெரிந்தது. குழந்தையின் கால் ஒன்று துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பேரன் முகத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை.

“புரியுதா வாத்தியாரே?”

“புரியுதும்மா,” என்றார். ரிக்‌ஷா கேட்டைத் தாண்டிப் போகும்வரை தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.